பெட்டி மேல கை வைங்க: டி.வி. ஊழியத்தைக் கிண்டல் செய்யும் தமிழ்ப் படம் ஏன் பழவேற்காட்டில் இருந்து வரணும்?

1955-ல் ஓரல் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க ஊழியக்காரர் தன் கூடாரக் கூட்டங்களை டி.வி.யில் காட்டத் தொடங்கினார். நோயாளிகள் வரிசையாக வருவார்கள், அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். சரி, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு? பெட்டியின் மேல் கை வையுங்கள் என்றார். லட்சக்கணக்கானவர்கள் வைத்தார்கள்.

எழுபது வருடத்தில் பெட்டி சுருங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு எந்த லோக்கல் சேனலைத் திருப்பினாலும், யூடியூபில் எதைத் தட்டினாலும், ஒரு கோட் சூட், ஒரு கீபோர்டு, ஒரு கண்ணீர்ச் சாட்சி. கீழே ஓடும் எழுத்தில் போன் நம்பர். ஓரத்தில் க்யூஆர் கோடு. "ஸ்கிரீன் மேல கை வைங்க" என்று சொல்லும்போது கட்டைவிரல் தவறுதலாக 'ஸ்கிப் ஆட்'-ஐ அழுத்திவிட்டால் அற்புதம் போய்விடுமா என்ற சந்தேகம் பார்ப்பவருக்கு வராமல் இருக்காது.

இதில் காமெடி இருக்கிறது. ஆனால் இதை வைத்துப் பேசப்படும்படியான ஒரு தமிழ் காமெடி படம் இன்னும் வரவில்லை. மலையாளத்தில் 2020-ல் 'டிரான்ஸ்' வந்தது. அதே வருடம் தமிழில் வந்த 'மூக்குத்தி அம்மன்' டி.வி. சாமியார் பக்கம் போனது, டி.வி. பாஸ்டர் பக்கம் போகவில்லை. யாராவது ஒருவர் சின்ன பட்ஜெட்டில், சுயாதீனமாக, மெல்லிய கிண்டலோடு அப்படி ஒரு படம் எடுக்கத்தான் போகிறார். கேமராவை எந்தப் பக்கம் வைக்கப் போகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேடையைப் பார்த்தா, இல்லை டி.வி. ஓடும் வீட்டுக்குள்ளேயா?

காது மெஷின் கதை

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடிகள். ஊழியத்திலும், கிண்டலிலும்.

1986-ல் பீட்டர் பாப்பாஃப் என்ற சுகமளிக்கும் ஊழியக்காரர் மாட்டிக்கொண்டார். கூட்டத்தில் இருப்பவரின் பெயர், நோய், வீட்டு விலாசம் எல்லாம் கடவுள் சொல்வதுபோலச் சொல்வார். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் ஆட்கள் ரேடியோ ஸ்கேனரோடு கூட்டத்துக்குள் போனார்கள். பாப்பாஃப் காதில் சின்ன ரிசீவர். பின்னால் இருந்து தகவல் சொன்னது கடவுள் இல்லை, அவர் மனைவி. ராண்டி அந்த ஒலிப்பதிவை ஜானி கார்சனின் டி.வி. நிகழ்ச்சியில் போட்டுக் காட்டினார். அடுத்த வருடம் பாப்பாஃப் திவால் மனு கொடுத்தார். பிறகு சில வருடங்களில் மறுபடி டி.வி.க்கு வந்துவிட்டார் என்பது இந்தக் கதையின் நிஜமான பஞ்ச்.

1987 இன்னும் மோசமான வருடம். மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை அழைத்துக்கொள்வார் என்று ஓரல் ராபர்ட்ஸ் டி.வி.யில் அறிவித்தார். பணம் சேர்ந்தது. அதே வருடம் ஜிம் பேக்கர் என்ற இன்னொரு டி.வி. நட்சத்திரம் ஊழல் விவகாரத்தில் விழுந்தார், 1989-ல் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார்.

இந்தச் சூட்டோடு 1988-ல் வந்த சின்ன காமெடி படம் 'பாஸ் தி அம்மோ'. ஒரு டி.வி. ஊழியத்திடம் குடும்பப் பணத்தைப் பறிகொடுத்த பெண்ணும் அவள் காதலனும் அந்தப் பணத்தைத் திருடி எடுக்க ஸ்டுடியோவுக்குள் புகுந்து, நேரலையிலேயே மாட்டிக்கொள்வார்கள். டிம் கரி பாஸ்டராக நடித்திருப்பார். மகா படம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல முடிவு இருந்தது: கதையின் நாயகர் ஏமாற்றியவர் இல்லை, ஏமாந்த வீட்டுப் பெண்.

நான்கு வருடம் கழித்து ஸ்டீவ் மார்ட்டின் நடித்த 'லீப் ஆஃப் ஃபெயித்' வந்தது. பெரிய ஸ்டுடியோ படம். பாப்பாஃப் பயன்படுத்திய அதே காது மெஷின் வித்தை. ஊழியக்காரரின் லாரிகள் வழியில் பழுதாகி ஒரு சின்ன ஊரில் நிற்கின்றன. மழையே இல்லாத ஊர், காய்ந்த சோளம், கையில் காசில்லாத விவசாயிகள். கூடாரத்தைப் போட்டதும் கூட்டம் நிரம்புகிறது. அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை, அவர்களுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை என்பதைப் படம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ஒரு பையனின் கால் நிஜமாகவே சரியாகிவிடும். அதைப் பார்த்து அதிகம் ஆடிப்போவது யார் தெரியுமா? ஊழியக்காரர்தான்.

காலை ஆறு மணி யாருடையது?

இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் கிண்டல் செய்தால் அது மீம் அளவில் நின்றுவிடும்.

சேனலுக்கு இருபத்து நான்கு மணி நேரம் நிரப்ப வேண்டும். காலை ஐந்து முதல் எட்டு வரை, இரவு பதினொன்றுக்கு மேல், விளம்பரதாரர் யாரும் வரமாட்டார். அந்த நேரத்தை மொத்தமாக விற்றுவிடுவார்கள். வாங்குபவர்கள் மூன்று வகை: சமையல் பாத்திரமும் மூலிகை எண்ணெயும் விற்பவர்கள், ராசிக்கல் ஜோதிடர்கள், ஊழியக்காரர்கள். மூன்று நிகழ்ச்சிகளையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தொடக்கப் புள்ளி உண்டு. டி.வி. நிலையங்கள் ஒரு காலத்தில் தேவாலயங்களுக்கு இலவச நேரம் கொடுத்து, அதைப் பொதுச் சேவைக் கணக்கில் எழுதிக்கொண்டன. காசு வாங்கிக்கொண்டு நேரம் கொடுத்தாலும் அதே கணக்கில் எழுதலாம் என்று 1960-ல் அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் வழிவிட்டது. இலவசமாக வந்துகொண்டிருந்த பாரம்பரிய சபைகள் மெல்ல வெளியே போயின. காசு கொடுக்கக்கூடியவர் உள்ளே வந்தார்.

காசு எங்கிருந்து வரும்? பார்ப்பவரிடமிருந்துதான். டி.வி.யில் நிற்க பணம் வேண்டும், பணம் கேட்க டி.வி.யில் நிற்க வேண்டும். நல்ல மனதோடு ஆரம்பித்த ஊழியக்காரரையும் இந்தச் சக்கரம் சும்மா விடாது. போன மாதம் 'பங்காளர்'களுக்கு நன்றி, இந்த மாதம் சேனல் பாக்கி, அடுத்த மாதம் "கர்த்தர் என் இருதயத்தில் பேசினார், ஒவ்வொருவரும் ஒரு விதை விதைக்கணும்." விதை என்றால் காணிக்கை. இந்த 'விதை' பாஷையைப் பரப்பியவரும் அதே ஓரல் ராபர்ட்ஸ்தான்.

தமிழில் இதன் வரலாறு இவ்வளவு கேலிக்குரியது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மறைந்த டி.ஜி.எஸ். தினகரன் வங்கி ஊழியராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். போனில் கூப்பிட்டால் இந்தப் பக்கம் ஒருவர் பெயர் கேட்டு ஜெபிப்பார் என்ற 'ஜெப கோபுரம்' ஏற்பாட்டைத் தமிழ் வீடுகளுக்குப் பழக்கியது அவர் நிறுவிய 'இயேசு அழைக்கிறார்'. கவுன்சிலிங் என்ற சொல்லே கேள்விப்படாத ஊர்களில், நடு ராத்திரி அழும் ஒரு பெண்ணுக்குப் போனை எடுக்க ஒரு ஆள் இருந்தது சின்ன விஷயம் இல்லை. நல்ல காமெடி இதை மறைக்காது.

ஒரே கடல், ரெண்டு படம்

'டிரான்ஸ்' படத்தில் ஃபகத் ஃபாசில் கன்னியாகுமரியைச் சேர்ந்த மோட்டிவேஷனல் ஸ்பீக்கர். தம்பியை இழந்து மும்பைக்குப் போகிறார். ரெண்டு கார்ப்பரேட் முதலாளிகள் அவரைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ஜோஷுவா கார்ல்டன் என்ற பாஸ்டராக மாற்றுகிறார்கள். பைபிள் பயிற்சி, கை அசைவுப் பயிற்சி, எப்போது அழ வேண்டும் என்ற பயிற்சி. படத்தின் முதல் பாதி அபாரம். அன்வர் ரஷீத்தின் இயக்கமும் ஃபகத்தின் கண்களும் சேர்ந்து, மதம் எப்படி ஒரு பிராண்டாகிறது என்பதைக் கிளாஸ் எடுக்காமல் காட்டிவிடுகின்றன. பிறகு படம் மாத்திரை, மயக்கம், மோதல் என்று எங்கோ போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய குறை வேறு. படம் முழுக்க நாம் மேடையில் இருந்துதான் கூட்டத்தைப் பார்க்கிறோம். ஆயிரக்கணக்கான கைகள், ஆயிரக்கணக்கான வாய்கள், ஒரே அலை. அந்த அலையில் முகம் கிடைப்பது அநேகமாக ஒரே ஆளுக்குத்தான்: விநாயகன் நடித்த தாமஸ். மகளுக்குக் காய்ச்சல். ஜெபத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் இருந்துவிடுகிறார். குழந்தை இறந்துபோகிறது. அந்தத் தகப்பன் வீட்டுக்குள் படம் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும், மொத்தக் கதையும் வேறாகியிருக்கும்.

ரெண்டு வருடம் முன்னால், 2018-ல், அதே மலையாளத்தில் வந்த படம் 'ஈ.ம.யௌ'. இயக்கம் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. சாகும் மனிதன் காதில் சொல்லும் 'ஈஷோ, மரியம், யௌசேப்பே' என்பதன் சுருக்கம்தான் தலைப்பு. கொச்சிக்குத் தெற்கே செல்லானம் என்ற கடலோர ஊர், லத்தீன் கத்தோலிக்கர்கள். அப்பாவுக்கு ஊரே பார்க்காத மாதிரி அடக்கம் செய்து காட்டுகிறேன் என்று மகன் வாக்குக் கொடுக்கிறான். அன்றைக்கு இரவே அப்பா போய்விடுகிறார். மழை, கடன், பேண்டு வாத்தியம், சவப்பெட்டி, துப்பறியும் சாம்பு மாதிரி மரணத்தைச் சந்தேகிக்கும் பங்குச் சாமியார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, படம் முடிந்ததும் பேச்சு வராது.

அதில் டி.வி. ஊழியம் கிடையாது. இருந்தும் நாம் பேசும் படத்துக்கு அதுதான் பக்கத்தில் நிற்கிறது. எழுதிய பி.எஃப். மேத்யூஸுக்கு அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கர்களின் பேச்சும் சாவுச் சடங்கும் மனப்பாடம். சாமியாரைக் கிண்டல் செய்கிறார், ஆனால் மாதா படத்துக்கு முன் எரியும் மெழுகுவர்த்தியைக் கிண்டல் செய்யவில்லை. விநாயகன் இதிலும் இருக்கிறார். 'டிரான்ஸ்'-ல் பாஸ்டரை வாங்கும் முதலாளியாக வரும் செம்பன் வினோத் ஜோஸ், இதில் அப்பாவை அடக்கம் செய்யக் காசில்லாமல் அலையும் மகன். ஒரே நடிகர்கள்தான். கேமரா நிற்கும் இடம்தான் வேறு.

பழவேற்காட்டில் 'பாடு' என்றால் என்ன?

சென்னையில் இருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வீக்எண்டில் ஃபிளமிங்கோ பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சமும், எலும்புக்கூடு செதுக்கிய அவர்களின் கல்லறைத் தோட்டமும் இன்ஸ்டாகிராமில் நிறையக் கிடைக்கும். அதற்கும் முந்தையது போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா கோவில். 1515 என்று சொல்வார்கள். நடூர் மாதாகுப்பம் என்று ஊர்ப் பெயரிலேயே மாதா இருக்கிறார். பக்கத்திலேயே அம்மன் கோவில்கள், பள்ளிவாசல், பனை ஓலையில் கூடை முடையும் முஸ்லிம் பெண்கள். இந்த ஏரிக்கரைக்கு மதம் ஒரு செய்தியே இல்லை, அது தண்ணீர் மாதிரி கூடவே இருப்பது.

மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் இறால் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அப்படியென்றால் நல்ல இடம் யாருக்கு? சண்டை வரும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் தலைக்கட்டுகள் கூடி, குலுக்கல் போட்டு, யார் எந்த நாளில் எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்குக் கழிவு இடம் விழுந்தால் நாளைக்கு நல்ல இடம் வரும். அதிர்ஷ்டத்தை ஒழிக்க முடியாது என்று தெரிந்த மனிதர்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடு. (அப்பழுக்கற்ற ஏற்பாடு இல்லை. தலைக்கட்டில் இல்லாத சாதிகளுக்கும் பெண்களுக்கும் பாடு கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.)

தமிழ்க் கிறிஸ்தவத்தில் 'பாடு' வேறு பொருளிலும் புழங்கும் சொல். 'கிறிஸ்துவின் பாடுகள்' என்றால் சிலுவையில் அவர் பட்ட வேதனை. ஏரியில் முறை, கோவிலில் வேதனை. வசனம் எழுதுகிறவருக்கு ஒரு ஊர் சும்மா தூக்கிக் கொடுக்கும் சொல் இது.

குலுக்கல் கோவிலுக்குள்ளும் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் 'வாக்குத்தத்த அட்டை' எடுக்கக் கொடுப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை உருவினால், அந்த வருடத்துக்கான வசனம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு "ஆசீர்வதிப்பேன்" வந்து, தனக்கு "பொறுமையாயிரு" வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தில் ஜனவரி மாதம் எப்படிப் போகும் என்பதை வைத்தே ஒரு சீன் எழுதலாம்.

இப்போது டி.வி. ஊழியக்காரர் இங்கே என்ன கொண்டுவருகிறார் என்று பாருங்கள். பாடு முறையில் அதிர்ஷ்டம் ஊர்ச் சொத்து. டி.வி.யில் அது தனிச் சொத்து. "உன் படகை நிரப்புவேன் என்று கர்த்தர் சொல்கிறார், இந்த நம்பருக்குக் கூப்பிடு." உன் படகு. ஊர்ப் படகுகள் இல்லை. படகு நிரம்பவில்லை என்றால் அதற்கும் காரணம் நீ, உன் விசுவாசம் குறைவு. குலுக்கலில் தோற்றவனை ஊர் குற்றம் சொல்லாது. டி.வி.யில் தோற்றவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். நல்ல இயக்குநர் ஒருவர் பிடிக்க வேண்டிய வலி இந்த இடத்தில் இருக்கிறது.

இந்த ஊருக்குக் கஷ்டம் நிஜம். முகத்துவாரம் மணல் மூடிப்போனால் கடல் தண்ணீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகும் வெளியே போக முடியாது. தெற்கே எண்ணூரில் அனல் மின் நிலையங்கள், காட்டுப்பள்ளியில் துறைமுகம், அதை விரிவாக்கும் திட்டத்துக்கு எதிராக வருடக்கணக்கில் மீனவர் போராட்டம். பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் கூடினால் பொன்னேரி, அங்கேயும் முடியாது என்றால் சென்னை ஸ்டான்லி. வண்டி பிடித்துப் போகும் நேரத்தில் கையில் இருப்பது போன் மட்டும்தான். ஜெபத்துக்கு வேண்டி அந்த நம்பரைக் கூப்பிடும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அந்தப் பக்கம் போனை எடுத்தவர் "முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போம்மா, நான் இங்கேர்ந்து ஜெபிக்கிறேன்" என்று சொல்கிறாரா, "மருந்தை நிறுத்து, விசுவாசி" என்று சொல்கிறாரா? ரெண்டுக்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கடற்கரை ஊர்களில் ஜெபக்கூட்டத்துக்கு முதலில் போவது பெண்கள். புருஷன் குடியை விட்டான் என்பதுதான் சாட்சிகளில் அதிகம் கேட்கும் கதை. அந்த வீட்டில் அது அற்புதம்தான், அதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை. மாதா கோவிலுக்குப் போகும் மாமியாரும் 'அல்லேலூயா சபை'க்குப் போகும் மருமகளும் ஒரே ரிமோட்டுக்குச் சண்டை போடுவதில் வேண்டுமானால் நிறைய இருக்கிறது.

படித்தவர்கள் இதையெல்லாம் 'மீனவர்களின் மூடநம்பிக்கை' என்று தள்ளிவிடக் கூடாது. அதே ஏரியின் இன்னொரு கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ விஞ்ஞானிகள் சூளூர்பேட்டை செங்காளம்மன் கோவிலுக்குப் போவது வழக்கம். 2023 ஜூலையில் சந்திரயான்-3 ஏவும் முன் அதன் மாதிரியைத் திருப்பதி கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். நிலவுக்குப் போகிறவருக்கே ஒரு தைரியம் தேவைப்படுகிறது. முகத்துவாரத்தைத் தாண்டுகிறவருக்குத் தேவைப்படாதா?

கிண்டல் செய்யும் உரிமை

தமிழ் சினிமா இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஆர்.ராதா காலத்தில் இருந்து விவேக் வரை மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்யும் மரபு இங்கே வலுவானது. அது பெரும்பாலும் பெரும்பான்மை மதத்துக்குள் நின்று பேசிய மரபு. சொந்த வீட்டைத் திட்டுவது போல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். வெளியே இருந்து ஒருவர் அவர்களைக் கிண்டல் செய்தால் சிரிப்பின் அர்த்தம் மாறிவிடும். 2002-ல் இந்த மாநிலத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004-ல் அது திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். அரிசிப் பை கிண்டல்கள் இன்றைக்கும் கமெண்ட் பாக்ஸில் ஓடுகின்றன. அந்தக் கும்பல் கைதட்டும் படமாக இது ஆகிவிட்டால், எடுத்தவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். ஆகவே அந்தச் சபையில் வளர்ந்த, பாடல் மெட்டுகள் மனப்பாடமாகத் தெரிந்த, சண்டே ஸ்கூலில் பிரைஸ் வாங்கிய யாராவது எழுதுவது நல்லது. கட்டாயம் இல்லை, நல்லது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சிறுபான்மை என்ற காரணத்தால் அவர்களுக்குள் இருக்கும் பண வியாபாரத்தைப் பற்றி யாருமே பேசக்கூடாது என்றால், முதலில் நஷ்டப்படுவது அதே சபையின் ஏழை விசுவாசிதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மத உணர்வை வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு புண்படுத்தினால் குற்றம். பழைய 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299. 'வேண்டுமென்றே', 'கெட்ட நோக்கம்' ரெண்டும் வேண்டும். வெறும் கிண்டல் அதில் வராது. கேபிள் டி.வி. விதிகளோ மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியே கூடாது என்கின்றன. மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது. ராசிக்கல் ஜோதிடர் முதல் சுகமளிக்கும் கூட்டம் வரை எல்லோரும் அந்த விதிகளைத் தாண்டித்தான் தினமும் காலை ஒளிபரப்பாகிறார்கள். அவர்களைக் கிண்டல் செய்கிறவருக்குத்தான் வக்கீல் தேவைப்படுகிறது.

'டிரான்ஸ்' படத்துக்குத் திருவனந்தபுரம் தணிக்கையில் சிக்கல் வந்து, மும்பை மறு ஆய்வுக் குழு வரை போய்த்தான் வெட்டில்லாமல் வெளியானது. எதிர்ப்பு வரும் என்று பயந்து படத்தைத் தடுக்கக் கூடாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1989-ல். அந்த வழக்கே ஒரு தமிழ்ப் படத்துக்காகத்தான்: 'ஒரே ஒரு கிராமத்திலே'.

அப்போ எப்படி எடுக்கணும்?

'மூக்குத்தி அம்மன்' இதில் பாதி வழி போயிருக்கிறது. நாகர்கோவில் லோக்கல் சேனல் ரிப்போர்ட்டர், ஊர்வசி மாதிரி ஒரு அம்மா, நிலத்துக்கு ஆசைப்படும் சாமியார். சாமியாரை எதிர்ப்பது நாத்திகர் இல்லை, சாமியே வருகிறார். அதனால் கும்பிடுகிற அம்மாக்களும் சேர்ந்து சிரித்தார்கள். படம் கடைசியில் மேடை போட்டுப் பிரசங்கம் செய்துவிட்டது என்பது வேறு. பிரசங்கத்தைக் கிண்டல் செய்யும் படங்களுக்கு வரும் தொற்று நோய் அது.

இன்னும் நெருக்கமான முன்மாதிரி மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. ஒரு சலூன்காரர், ஒரே ஒரு ஓட்டு, ரெண்டு கட்சி. யாரையும் அவமானப்படுத்தாமல் முழு ஊரையும் கிண்டல் செய்த படம். 2021 ஏப்ரலில், தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னால், தியேட்டருக்குப் போகாமல் நேராக விஜய் டி.வி.யில் வந்தது. டி.வி. ஊழியத்தைப் பற்றிய படத்துக்கும் அதுதான் சரியான இடம். பார்க்க வேண்டியவர்கள் டி.வி. முன்னால்தானே இருக்கிறார்கள்.

காஸ்டிங்குக்குப் பெரிய பாஸ்டர் தேவையில்லை. கோட் வாடகைக்கு எடுத்து, ஸ்லாட் பாக்கி கட்ட முடியாமல் தவிக்கும் ஒரு மூன்றாம் நிலை ஊழியக்காரர் போதும், நடிக்க நிறைய இருக்கிறது. அவர் பாதி நம்புகிறவராக இருக்கட்டும். முழு ஃபிராடு என்றால் அவரிடம் நடிகருக்கு வேலையே இல்லை. போனை எடுக்கும் பெண் ஒருத்தி இருக்கட்டும், மாதச் சம்பளம் வராவிட்டாலும் தினமும் முப்பது பேருக்கு "அழாதீங்க அக்கா" என்று சொல்கிறவள். ஏரிப் பக்கம் ஒரு அண்ணன், "எங்க பாடு எங்களுக்கு" என்று எதையும் நம்பாதவர், ஆனால் புது வலையை மட்டும் ரகசியமாக ஜெபித்து வாங்குகிறவர்.

ஷூட்டிங்குக்கு ஆள் கிடைக்காது என்ற கவலையும் வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. படகெல்லாம் கரையில் கிடக்கும். ஊர் மொத்தமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்குள் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்.